மடகாஸ்கர்: மலை வகுத்த காடுகள்

மடகாஸ்கரின் நிலப்படத்தில் முதலில் பார்க்க வேண்டியது அதன் மலைகளை. உலகின் நான்காவது பெரிய தீவு அது; வடக்கு தெற்காக ஏறத்தாழ 1,600 கி.மீ. நீளம். அதன் உயர்நிலம் நட்டநடுவில் இல்லை, கிழக்கே ஒதுங்கி நிற்கிறது. கிழக்குக் கரையை ஒட்டி மலை செங்குத்தாக எழுகிறது. மேற்கே கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்து மொசாம்பிக் கால்வாயில் இறங்குகிறது. இந்தச் சாய்வு புரிந்துவிட்டால் அந்நாட்டின் காடுகளில் பாதி புரிந்துவிடும்.

இந்தியப் பெருங்கடலிலிருந்து வீசும் தென்கிழக்கு வியாபாரக் காற்று ஈரத்தைச் சுமந்து வந்து கிழக்குச் சரிவில் மோதுகிறது. கிழக்குக் கரையின் பெரும்பகுதியில் ஆண்டுக்கு 2,000 மி.மீ.க்கு மேல் மழை. அதனால் அங்கே மழைக்காடு. மலையைத் தாண்டும் காற்றில் ஈரம் மிஞ்சுவதில்லை. மேற்கே கோடைமழையை மட்டும் நம்பிய இலையுதிர் காடுகள், தென்மேற்கு மூலையில் 400 மி.மீ. மழைகூடக் கிடைக்காத முட்காடு. தென்மேற்குப் பருவக்காற்றில் கேரளம் நனையும்போது தமிழ்நாடு மழைமறைவில் காய்கிறதே, அதே விதிதான். திசை மட்டும் நேர்மாறு.

அந்த வறண்ட பக்கத்தில்தான் எனக்கு மிகவும் பிடித்த உயிர் ஒன்று இருக்கிறது. லபோர்டு பச்சோந்தி. ஆண்டின் எட்டு ஒன்பது மாதங்களை மண்ணுக்குள் முட்டையாகவே கழிக்கும். நவம்பரில் மழை தொடங்கும்போது பொரிந்து வெளிவரும். இரண்டு மாதத்தில் முழு வளர்ச்சி. பிறகு இணைசேர்ந்து, முட்டையிட்டு, மழைக்காலம் முடிவதற்குள் இறந்துவிடும். வறண்ட மாதங்களில் அந்தக் காட்டில் இந்த இனத்தில் ஒன்றுகூட உயிரோடு நடமாடாது, இருப்பதெல்லாம் முட்டைகளே. முதுகெலும்புள்ள ஒரு நிலவிலங்கின் ஆயுளை மழை இவ்வளவு கறாராக அளந்து வைத்திருப்பது வேறெங்கும் கேள்விப்படாதது. அதே காட்டில் பாவோபாப் மரங்கள் தண்டில் நீரைத் தேக்கி வறட்சியைத் தாண்டுகின்றன. நம்மூரில் ஆனைப்புளி, பொந்தன்புளி என்பார்கள். உலகில் உள்ள எட்டு இனங்களில் ஆறு, மடகாஸ்கருக்கு மட்டுமே உரியவை. நம் சாலையோரங்களில் மே மாதத்தில் சிவக்கும் குல்மோஹருக்கும் தாயகம் இத்தீவின் வறண்ட காடுகள்தான்.

இத்தனை வேறுபட்ட காடுகளும் ஒரே தீவில், அதுவும் நீண்ட தனிமையில் இருந்தன. மடகாஸ்கர் ஆப்பிரிக்காவைவிட்டு விலகத் தொடங்கிச் சுமார் 16 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அதன்பிறகும் இந்தியா அதனோடு ஒட்டியே இருந்து, சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான் பிரிந்தது. குரங்குகளின் உறவினமான லெமூர்களின் மூதாதைகள் வெகுகாலம் கழித்து, புயலில் பெயர்ந்து கடலில் மிதந்த மரத்திட்டுகளில் ஆப்பிரிக்காவிலிருந்து வந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்கள் பலரின் முடிவு. வந்த இடத்தில் போட்டிக்குக் குரங்குகள் இல்லை. ஒரு குடும்பம் நூற்றுக்கும் மேற்பட்ட இனங்களாகக் கிளைத்தது. 30 கிராம் எடையுள்ள பெர்த்தே சுண்டெலி லெமூர் மேற்கின் உலர்காட்டில் வாழ்கிறது. கிழக்கின் மழைக்காட்டில் இந்திரி என்னும் லெமூர் விடியலில் குரலெழுப்பினால் கிலோமீட்டர் கணக்கில் கேட்கிறது. மெலிந்து நீண்ட நடுவிரலால் மரத்தைத் தட்டி, உள்ளிருக்கும் புழுவைக் கண்டுபிடிக்கிறது ஐ-ஐ என்னும் லெமூர். திண்டுக்கல், கரூர் காடுகளில் வாழும் நம் தேவாங்கு இவற்றுக்கெல்லாம் தூரத்து உறவு.

மனிதன் வந்தபின் கொரில்லா அளவு லெமூர்களும் மூன்று மீட்டர் உயர யானைப்பறவையும் மறைந்தன. இன்றைய இழப்பு இன்னும் வேகமானது. 1953க்கும் 2014க்கும் இடையில் இயற்கைக் காட்டில் சுமார் 44 சதவீதம் போய்விட்டது. நெல்லுக்காகக் காட்டை எரிக்கும் ‘தவி’ முறையும் கரி மூட்டமும் இதற்குக் காரணங்கள் என்றாலும், எரிப்பவர்கள் வேறு வழியற்ற ஏழை உழவர்கள் என்பதை மறந்து இதைப் பேசக் கூடாது. 2020இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் கணக்கிட்டபோது 107 லெமூர் இனங்களில் 103 அழிவின் அச்சுறுத்தலில் இருந்தன. கிழக்குக் காடுகளின் பெருவிதை மரங்கள் பலவற்றுக்கு, பழத்தை முழுதாக விழுங்கி விதையைத் தொலைவில் கழிக்கும் விலங்கு லெமூர் மட்டுமே. அது இல்லாத இடத்தில் கனிகள் தாய்மரத்தின் அடியிலேயே விழுந்து கிடக்கின்றன.