பனி உருகிய பின் மலைக்கு வேலை

நெசவாளர்க்கும் பயிர் செய்வோர்க்கும் பருவத்தின் கொடுமை பிறர் சொல்லித் தெரிய வேண்டியதன்று. அடைமழைக் காலத்தில் தறிக்குழியில் நீர் ஊறும். தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி தோய்க்க இயலாது. தீபாவளிக்கு முன் இரவு பகலாக ஓடிய நாடா, பண்டிகை கழிந்ததும் பல நாள் வாளா கிடக்கும். மலையில் மரவள்ளி நட்டவரோ கிழங்கு முற்றும்வரை ஏறத்தாழப் பத்து மாதம் கடன்பட்டு உண்ண வேண்டும். வரவு சில மாதம். செலவோ பன்னிரண்டு மாதமும்.

இவ்விடர் நமக்கு மட்டும் உரியதன்று. பனியை நம்பிப் பிழைக்கும் மலையூர்களும் இன்று இதே நிலையில் இருக்கின்றன. அவை குளிர்காலத் தொழிலினின்று கோடைத் தொழிலுக்கு எவ்வாறு மாறுகின்றன என்பதைக் கொல்லிமலை ஆலத்தூர் நாட்டுச் சங்க அங்கத்தினர் அறிந்துகொள்வது நலம். சுவிட்சர்லாந்துக்கும் சோளக்காட்டுக்கும் என்ன உறவு என்று சிலர் வினவக்கூடும். மலை எதுவாயினும் கணக்கு ஒன்றே என்பதே என் விடை.

பனிச்சறுக்கின் வரவு செலவு

பனிச்சறுக்கு என்பது காலில் நீண்ட பலகைகளைப் பூட்டிக்கொண்டு பனி மூடிய சரிவில் வழுக்கி இறங்கும் விளையாட்டு. இறங்குவது எளிது, ஒவ்வொரு முறையும் மேலே ஏறுவதுதான் அரிது. அதற்காகப் பழனியில் 2004 முதல் இயங்கும் ரோப்காரைப் போன்ற கம்பிவட ஊர்திகளை அங்கே அமைக்கிறார்கள். கம்பம், கம்பி, மோட்டார், பனியைச் சமன் செய்யும் வண்டி, விடுதி ஆகிய அனைத்தும் பெருமுதல் கேட்பவை. இம்முதலைப் பனி கிடக்கும் மூன்று நான்கு மாதங்களில் ஈட்டியாக வேண்டும். பனி உருகினால் வரவு நிற்கும், வட்டி நிற்பதில்லை.

குளிர்காலத்தில் மலைக்குச் செல்லும் வழக்கமே பிற்காலத்தில் தோன்றியதுதான். சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸ் முன்பு கோடை வாசஸ்தலமாக இருந்தது. அங்கே விடுதி நடத்திய யோகன்னஸ் பத்ருட் என்பார் 1864ஆம் ஆண்டில் தம் ஆங்கிலேய விருந்தினரிடம் ஒரு பந்தயம் கட்டினார் என்று கூறுவர். குளிர்காலத்திலும் வந்து பாருங்கள், பிடிக்காவிட்டால் பயணச் செலவை நான் தருகிறேன் என்பதே அப்பந்தயம். வந்தவர்கள் மகிழ்ந்து தங்கினராம். அன்று வெறுமையாகக் கிடந்த பருவத்துக்கு ஒரு வேலை கண்டுபிடித்தார்கள். இன்று அவர்தம் வழிவந்த தொழில், மறுபடியும் கோடையை நோக்கித் திரும்புகிறது.

குல்மார்க்கின் இரு பருவம்

நம் நாட்டில் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு காஷ்மீரத்தின் குல்மார்க். கடல் மட்டத்துக்குமேல் சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் உள்ள புல்வெளி அது. பெயருக்கே மலர்வெளி என்பது பொருள். 1998இல் அங்கே ரோப்காரின் முதற்கட்டமும், 2005இல் அபர்வத் மலைத்தோள்வரை ஏறும் இரண்டாம் கட்டமும் திறக்கப்பட்டன. குளிர்காலத்தில் சறுக்குவோரை ஏற்றும் அதே கம்பி, கோடையில் மலைக்காட்சி காண வருவோரை ஏற்றுகிறது. பனியில் சறுக்குவண்டி இழுத்த கைகள், புல் முளைத்ததும் மட்டக்குதிரையின் கடிவாளத்தைப் பிடிக்கின்றன. ஆடுமாடு மேய்க்கும் குஜ்ஜர் மக்களும் கோடையில் மேய்ச்சல் தேடி மேலே வருகின்றனர்.

இரண்டாம் பருவம் இருப்பதன் அருமை பனி பொய்க்கும்போது விளங்கும். 2024 ஜனவரியில் குல்மார்க் சரிவுகள் பனியின்றி வறண்டு கிடந்தன. பிப்ரவரியில் பனி விழுந்த பின்னரே அங்கு குளிர்கால விளையாட்டுப் போட்டிகள் நடந்தன. 2025 பிப்ரவரியில் நடக்கவேண்டிய போட்டிகள் போதிய பனியின்மையால் மார்ச்சுக்குத் தள்ளிவைக்கப்பட்டன.

ஆயினும் கோடையும் முழுக் காப்பன்று. 2025 ஏப்ரலில் பஹல்காமில் நிகழ்ந்த கொடிய தாக்குதலுக்குப் பின் காஷ்மீரத்தில் பல சுற்றுலா இடங்கள் மூடப்பட்டன. வருகை சட்டெனக் குன்றியது. அப்போதும் வீட்டிலே வேலை வைத்திருந்தவர்க்கு ஓர் ஊன்றுகோல் இருந்தது. ஸ்ரீநகரிலிருந்து குல்மார்க் செல்லும் பாதையில் உள்ள கனிஹாமா என்னும் ஊர் கனி சால்வை நெசவுக்குப் பெயர் பெற்றது. தாலீம் எனப்படும் குறிப்பேட்டைப் பார்த்து, சிறு மரக்குச்சிகளில் சுற்றிய வண்ண இழைகளால் பூவேலையைத் தறியிலேயே நெய்கிறார்கள். வருவோர் வரினும் வராவிடினும் தறி நிற்கவேண்டியதில்லை. நம் நெசவாள அங்கத்தினர் இதனை மனத்திற் கொள்வாராக.

பருவம் மாறும்போது நடப்பவை

பனி உருகியதும் ஊர் உறங்கிவிடுவதில்லை. கம்பியும் கப்பிகளும் சோதிக்கப்படுகின்றன. பனிவண்டிகள் கொட்டகைக்குச் செல்கின்றன. சறுக்குத் தடங்களில் மண் அரித்த இடங்களை மூடிப் புல்விதை தூவி, மழைநீர் குறுக்கே வடியச் சிறு வாய்க்கால் வெட்டுகிறார்கள். ஆல்ப்ஸ் மலையில் அத்தடங்களிலேயே பசுக்கள் மேய்கின்றன. பல இடங்களில் ஊர்தி இருக்கைகளில் சைக்கிள் மாட்டும் கொக்கிகளைப் பொருத்தி, மலையிறங்கு சைக்கிளோட்டத்துக்கு வருவோரை மேலேற்றுகிறார்கள். சறுக்கக் கற்றுக்கொடுத்த ஆசிரியர் கோடையில் வழிகாட்டியாகவோ உழவராகவோ ஆகிறார்.

ஒன்றை மறைக்கலாகாது. சறுக்க வருபவர் நாள்தோறும் சீட்டு வாங்குவார். பலகையை வாடகைக்கு எடுப்பார். ஒரு வாரம் தங்குவார். கோடையில் நடக்க வருபவர் மூட்டை கட்டிய சோற்றுடன் வந்து மாலையே இறங்கிவிடலாம். ஆகவே கோடை வருமானம் குளிர்கால வருமானத்துக்கு எளிதில் ஈடாவதில்லை. அதனாலேயே மாறும் வேலையை முதற்பருவம் நன்றாக நடக்கும்போதே தொடங்க வேண்டியதாகிறது.

பிரான்சு நாட்டு ஜூரா மலையில் உள்ள மெத்தாபியே இதனை உணர்ந்த ஊர். அதன் சரிவுகளின் உச்சி ஏறத்தாழ 1,400 மீட்டர். கொல்லிமலையின் உயர்ந்த பகுதிகளைவிடச் சற்றே மேலானது. அவ்வளவு தாழ்ந்த மலையில் வருங்காலத்தில் பனி நிலைக்காது என்று கண்டு, 2030க்கும் 2035க்கும் இடையில் சரிவுச் சறுக்கு முடிவுறும் என்று கணக்கிட்டுத் திட்டம் வகுத்தார்கள். புதிய கம்பிவடத்துக்குப் பெருமுதல் போடாமல், உள்ளதைச் செப்பனிட்டு ஓட்டிக்கொண்டே பிற தொழில்களை வளர்ப்பது அவர்கள் வழி. வீழ்ச்சி வந்தபின் அழுவதைவிட, அது வரும் நாளைக் குறித்துக்கொண்டு நடப்பது மேல் அன்றோ?

மலை யாருடையது?

இரண்டாம் பருவத்தை யார் நடத்துகிறார்கள் என்பதே கூட்டுறவாளர் கேட்கவேண்டிய முதற் கேள்வி. அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் மேட் ரிவர் கிளென் என்னும் பனிச்சறுக்கு மலை 1948இல் தொடங்கியது. 1995இல் அங்கே சறுக்குவோரே பங்கு சேர்த்துக் கூட்டுறவுச் சங்கம் அமைத்து மலையை விலைக்கு வாங்கினார்கள். ஒருவர் மட்டும் அமரும் அதன் பழைய இருக்கை ஊர்தி தேய்ந்தபோது, பெரிய ஊர்தி வாங்கிக் கூட்டத்தைப் பெருக்கலாமா, பழையதையே புதுப்பிக்கலாமா என்ற கேள்வி எழுந்தது. புதுப்பிப்பதே போதும் எனப் பங்குதாரர் முடிவு செய்தனர். 2007இல் அவ்வாறே முடித்தனர். மலை எவ்வளவு தாங்கும் என்பதை மலைக்கு உரியவரே தீர்மானித்தார்கள்.

தாங்கும் அளவை மறந்தால் நேரும் கேட்டுக்கு உத்தராகண்டத்தின் ஜோஷிமத் சான்று. அங்கிருந்துதான் ஔலி பனிச்சறுக்குச் சரிவுக்கு ரோப்வே சென்றுகொண்டிருந்தது. 2023 ஜனவரியில் நகரின் நிலம் அமிழ்ந்து வீடுகள் வெடித்தன, ரோப்வேயும் நிறுத்தப்பட்டது. பழைய நிலச்சரிவு மண்ணின்மேல் அமைந்த அந்நகரில் கட்டடப் பெருக்கமும் வடிகால் இன்மையும் கேட்டை வளர்த்தன என்பர் அறிந்தோர்.

ஆலத்தூர் நாட்டுக்கு வருவோம்

கொல்லிமலையின் பதினான்கு நாடுகளுள் ஒன்று ஆலத்தூர் நாடு. இங்கே பனி இல்லை. ஆனால் பருவக் கூட்டம் உண்டு. காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மக்கள் மேலே வருவது பள்ளி விடுமுறையிலும், வல்வில் ஓரி விழா நடக்கும் ஆடி 17, 18ஆம் நாட்களிலும் மிகுதி. அந்நாட்களில் சாலையோரம் அன்னாசியும் பலாவும் மலையென விற்கும். கூட்டம் இறங்கியதும் கடைகள் வெறிச்சோடும். விடுதியும் வாகனமும் வைத்திருப்போர்க்கே பெரும்பங்கு செல்லுமாயின், காட்டில் உழைப்பவர்க்குக் கூடை விற்ற காசே மிஞ்சும்.

பயிரிலும் இதே கதை. முன்பு சாமை, தினை, கேழ்வரகு என மாதத்துக்கு ஒன்று விளைந்த காடுகளில், சேலம் ஜவ்வரிசி ஆலைகளுக்கான மரவள்ளி பரவியது. பணம் ஒருசேர வந்தது. பருவம் ஒன்றாய்ச் சுருங்கியது. மாவுக்கு விலை சரிந்த ஆண்டில் வீட்டில் சாமையும் இல்லை. சிறுதானியம் குறைந்ததற்கு மற்றொரு காரணம் உமி நீக்கும் உழைப்பு. அவ்வுழைப்பைப் பெண்களின் தோளிலிருந்து இறக்க எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இம்மலையில் அரவை இயந்திரங்களைக் கொணர்ந்தது. வேலை எளிதானால் பயிர் திரும்பும் என்பதற்கு அது வழிகாட்டிற்று.

செய்யத்தக்கவை

முதலாவது, சங்கம் தோறும் பன்னிரு மாதப் பட்டியல் ஒன்று எழுதித் தொங்கவிடுக. கார்த்திகை, மார்கழியில் காப்பிப் பழம், அதையடுத்து மிளகு, கோடையில் பலா என விளைவனவற்றைக் குறித்து, எம்மாதம் வரவின்றி வெறுமையாக உள்ளது எனக் காண்க. அவ்வெற்றிடமே நம் வேலைத்திட்டம்.

இரண்டாவது, ஒரே கம்பி இருமுறை உழைப்பதுபோல் சங்கத்தின் களமும் கிடங்கும் இயந்திரமும் ஆண்டு முழுதும் உழைக்குமாறு செய்க. மிளகு உலர்த்திய களத்தில் சாமை காயட்டும். அறுவடையில் உமி நீக்கும் இயந்திரம், ஆடியில் வருவோர்க்கு விற்கும் மாவை அரைக்கட்டும்.

மூன்றாவது, நல்ல பருவத்தின் நிகர லாபம் முழுவதையும் பங்கிட்டு உண்டுவிடாது, சட்டப்படி எடுக்கும் சேமநிதிக்குமேல் ஒரு சிறு தொகையை வெறும் மாதங்களின் வேலைக்கென ஒதுக்குக. மெத்தாபியே கற்பிக்கும் பாடம் இதுவே.

நான்காவது, தீபாவளிக்குப் பின் கை ஓயும் சமவெளி நெசவாளர் சங்கங்களிடம் மிளகுக்கும் தானியத்துக்கும் வேண்டிய பருத்திப் பைகளை முன்கூட்டியே கேட்டுப் பெறுக. அவர்க்கு வெற்று மாதத்தில் வேலை. நமக்கு விற்பனைக்கு உறை. சங்கங்கள் தம்முள் ஒத்துழைக்க வேண்டும் என்பதை அனைத்துலகக் கூட்டுறவு இணையம் 1966இலேயே கொள்கையாக ஏற்றது.

இவை எவையும் பெருமுதல் வேண்டுவன அல்ல. பட்டியல் எழுத ஒரு தாளும், அதனைப் பற்றிப் பேச ஒரு பொதுப்பேரவைக் கூட்டமும் போதும். ஆடிக் கூட்டம் இறங்கிச் செல்லும் நாளில், அடுத்த வெறும் மாதத்துக்கான வேலையைச் சங்கம் கையில் வைத்திருக்குமாயின், அம்மாதத்துக்கான அரிசியை எந்த அங்கத்தினரும் கடனாக வாங்க நேராது.