லாரி ஒயரிங்கையும் கொஞ்சம் கவனியுங்கள்!

அரிசி, பருப்பு மொத்த வியாபாரம் செய்பவனுக்கு லாரி ஒயரிங் பற்றி என்ன பேச்சு என்று நீங்கள் கேட்கலாம். பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். சொந்த வண்டி வைத்திருப்பவர்களுக்குப் பயன்படும்.

2011 ஐப்பசியில் ஒரு நாள் இரவு. திருச்சி காந்தி மார்க்கெட்டில் சர்க்கரையும் துவரம் பருப்பும் ஏற்றிக்கொண்டு எங்கள் பழைய லாரி மன்னார்குடிக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. நல்ல மழை. தஞ்சாவூர் தாண்டியதும் முன்விளக்கு மங்கத் தொடங்கி, வடுவூர் வருவதற்குள் அணைந்தே போயிற்று. பின்விளக்கும் இல்லை. டீசல் இன்ஜின் ஆனதால் அது மட்டும் ஓடியது. டிரைவர் வண்டியை ஓரங்கட்டினார். கிளீனர் பையன் பின்னால் நின்று டார்ச் விளக்கை ஆட்டினான். பின்னால் வந்த பஸ் அந்த வெளிச்சத்தைப் பார்த்து, நாலு முழம் தள்ளி நின்றது. சர்க்கரை நனைந்த நஷ்டம் பெரிதல்ல. அந்தப் பையனுக்கு ஒன்று ஆகியிருந்தால் எங்கள் தெருவிலேயே இருக்கும் அவன் தாயின் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?

காரணம் எளியது. வண்டி வாங்கியபோது இருந்தது 35 ஆம்பியர் ஆல்டர்னேட்டர். பிறகு நாங்கள் கூடுதல் விளக்கு, கேபின் ஃபேன், பாட்டுப் பெட்டி, செல்போன் சார்ஜர் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துவிட்டோம். வரவு அப்படியே இருக்கச் செலவு கூடினால் முதல் கரையும் அல்லவா? பேட்டரிதான் அந்த முதல்.

உடனே 60 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் வாங்கி மாட்டச் சொன்னேன். மாட்டியவர் பழைய ஒயரையே இணைத்துவிட்டார். நானும் “ஒயர் நன்றாகத்தானே இருக்கிறது” என்று இருந்துவிட்டேன். ஒரு மாதத்தில், பேட்டரி இறங்கியிருந்த ஒரு காலையில், கிடங்கு வாசலில் நின்ற வண்டியிலிருந்து ரப்பர் கருகும் வாடை. ஒயரின் உறை உருகியிருந்தது. அருகிலேயே சாக்கு அடுக்கு! சிறிது நேரம் கவனிக்காமல் விட்டிருந்தால் கிடங்கே போயிருக்கும்.

தஞ்சாவூரில் ஒரு வயதான மிஸ்திரி கணக்குப் போட்டுக் காட்டினார். பழைய ஒயர் 4 சதுர மில்லிமீட்டர், நீளம் 3 மீட்டர். அதில் 60 ஆம்பியர் ஓடினால் முக்கால் வோல்ட் வழியிலேயே போய்விடும். ஆல்டர்னேட்டரில் 28 வோல்ட் இருந்தாலும் பேட்டரிக்கு 27¼ தான் சேரும். போன முக்கால் வோல்ட் சுமார் 45 வாட் சூடாக மாறும். அதே இடத்தில் 16 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் போட்டால் இழப்பு 0.2 வோல்ட்தான்.

நம் டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மேட்டூரில் எவ்வளவு திறந்துவிட்டாலும் வாய்க்கால் தூர்வாராவிட்டால் கடைமடைக்குத் தண்ணீர் வருமா?

24 வோல்ட் லாரி வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியவை:

1. பெரிய ஆல்டர்னேட்டர் மாட்டினால் ஒயரையும் தடிமனாக மாற்றுங்கள். முனை லக்குகளை அழுத்திப் பொருத்தச் சொல்லுங்கள். முறுக்கி டேப் சுற்றுவது கூடாது.

2. எர்த் பாதி வேலை. இன்ஜினுக்கும் சேசிஸுக்கும் நடுவே உள்ள எர்த் பட்டை துருப்பிடித்திருந்தால் புதிய ஒயரால் பயனில்லை. பெயிண்டைச் சுரண்டி, உலோகத்தோடு உலோகம் படும்படி முடுக்க வேண்டும்.

3. ஒயருக்குத் தகுந்த ஃப்யூஸை பேட்டரி முனைக்கு அருகிலேயே வையுங்கள். ஒயர் எங்காவது உரசி ஷார்ட் ஆனால் தீ பிடிக்குமளவு கரண்ட் பேட்டரியிலிருந்துதான் வரும்.

4. இரண்டு பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்துப் பாட்டுப் பெட்டிக்குக் கொடுக்காதீர்கள். ஒன்று இறங்கும், மற்றது அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆகிக் கெடும். அதற்கென்று கன்வெர்ட்டர் இருக்கிறது. பேட்டரியை மாற்றும்போது இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

5. இன்ஜின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றிச் சோதிக்கும் பழைய வழக்கத்தை விடுங்கள். டைனமோ காலத்தில் செய்தது அது. ஆல்டர்னேட்டரில் டையோடு போய்விடும்.

6. வேலை முடிந்ததும் முன்விளக்கைப் போட்டு, இன்ஜினைச் சற்று வேகமாக ஓடவிட்டு, மீட்டரால் ஆல்டர்னேட்டரிலும் பேட்டரியிலும் வோல்ட் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் காசு கொடுக்காதீர்கள். ஒயரையும் எர்த்தையும் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ்.-6 வண்டிகளில் எல்லாம் கம்ப்யூட்டர் கட்டுப்பாடு. அவற்றில் வெளியாள் கை வைக்க வேண்டாம். கம்பெனி சர்வீஸிலேயே கேளுங்கள்.

அன்று நான் ஒயரில் மிச்சம் பிடித்தது ஆல்டர்னேட்டர் விலையில் ஒரு சிறு பகுதிதான். தராசையும் படிக்கல்லையும் முத்திரைக்கு அனுப்பும் நாம், வருடம் ஒரு முறை, மழைக்கு முன் புரட்டாசியில், வண்டியின் ஒயரிங்கையும் பார்த்துவிடுவோம். சரக்கு போனால் மறுபடி வாங்கலாம். இருட்டில் டார்ச்சோடு நிற்கும் பிள்ளையை எங்கே போய் வாங்குவது?