ஒரு போல்ட் கழலாமல் இருந்திருந்தால்

அக்கா மகன் மடிக்கணினியை என் பக்கம் திருப்பினான். பழைய கார் பந்தயங்களை நாமே மறுபடி நடத்திப் பார்க்கிற விளையாட்டு அது. அதில் ஜிம் கிளார்க் 1968இல் சாகவில்லை. 1975 வரை ஓட்டி, ஒன்பது உலகப் பட்டங்களை வாங்கிவிட்டார். "சரியா இருக்கா மாமா?" என்றான். டீ அப்போதுதான் வந்தது, ஆவி பறந்துகொண்டிருந்தது. ஆறுகிற நேரம் போதும் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன்.

"ஒன்பது பட்டம் குடுத்துட்டே, சரி. யார்கிட்டேருந்து எடுத்துக் குடுத்தே?" என்று கேட்டேன். அவன் விழித்தான். வருஷத்துக்கு ஒரே ஒரு பட்டம்தான். ஒருவர் வாழ்க்கையைத் திருத்தினால் இன்னொருவர் கணக்கில் கை வைத்தே தீர வேண்டும். மாற்று வரலாறு எழுதுகிற பலர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். பிடித்த ஓட்டுநருக்கு வாரி வழங்குவார்கள், மற்றவர்களை அப்படியே விட்டுவிடுவார்கள். என் வழி வேறு. ஒன்றே ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், அதுவும் எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது. பிறகு அது எங்கெல்லாம் போகிறதோ, பின்னாலேயே நடக்க வேண்டும்.

கிளார்க் ஸ்காட்லாந்தின் எல்லைப்புறத்தில் ஆடு வளர்த்த பண்ணைக்காரர். 72 கிராண்ட் ப்ரீ பந்தயங்கள், 25 வெற்றிகள், 33 முறை முதல் இடத்திலிருந்து புறப்பாடு. 1963லும் 1965லும் சாம்பியன். நிஜத்தில் இவ்வளவுதான். இனி மாற்றலாம். மாற்றுவதற்கு நான் எடுத்தது அவருடைய மரணத்தை அல்ல, ஒரு போல்ட்டை.

1962 டிசம்பர் 29, தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் லண்டன். அந்த வருஷத்தின் கடைசிப் பந்தயம். கிளார்க் ஜெயித்தால் அவர் சாம்பியன், இல்லையென்றால் கிரஹாம் ஹில். 82 சுற்றுகளில் முக்கால்வாசி தூரம் கிளார்க்தான் முன்னால், யாரும் கிட்டே நெருங்கவில்லை. திடீரென்று வண்டிக்குப் பின்னால் புகை. என்ஜினில் ஒரு சின்ன போல்ட் தளர்ந்து கழன்று விழுந்து, அந்த ஓட்டை வழியாக ஆயில் கொட்டிக்கொண்டிருந்தது. ஓரம் கட்டினார். ஹில் ஜெயித்தார், பட்டமும் ஹில்லுக்குப் போனது.

பையனிடம் ஒரு தாளை எடுக்கச் சொன்னேன். அப்போது வெற்றிக்கு 9 புள்ளி, இரண்டாம் இடத்துக்கு 6. வருஷம் முழுக்க ஓடினாலும் சிறந்த ஐந்து முடிவுகள்தான் கணக்கில் சேரும். பந்தயத்துக்கு முன் ஹில்லிடம் 39, கிளார்க்கிடம் 30. போல்ட் இருந்த இடத்திலேயே இருந்தால் கிளார்க்குக்கு 9 சேர்ந்து 39. ஹில்லுக்கு இரண்டாம் இடத்தின் 6 கிடைக்கும். ஆனால் ஏற்கெனவே எண்ணிய ஐந்தில் மிகச் சிறியதும் 6தான், அதனால் அவர் 39ஐத் தாண்ட முடியாது. இருவரும் சமம். அப்போது வெற்றிகளை எண்ணுவார்கள்: கிளார்க் 4, ஹில் 3. எழுதி முடித்துவிட்டு அவன் அந்தத் தாளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

1964 மெக்சிகோவிலும் ஏறக்குறைய இதே கதை. பந்தயத்தின் முடிவு கண்ணில் தெரியும்போது கிளார்க்கின் ஆயில் மறுபடி போனது, பட்டம் ஜான் சர்டீஸுக்கு. அந்த வருஷம் ஹில் சேர்த்தது 41 புள்ளி, சர்டீஸ் 40. ஆனால் சிறந்த ஆறு முடிவுகள் மட்டுமே எண்ணப்பட்டதால் ஹில்லின் 41 என்பது 39 ஆகிவிட்டது. அதிகம் சேர்த்தவர் தோற்றார். இங்கே போல்ட்டைக்கூடத் தொட வேண்டாம், விதியின் ஒரு வரியை மாற்றினால் போதும், சாம்பியன் மாறிவிடுவார். எனக்கு இந்த வருஷத்தின் மேல் தனி ஆசை உண்டு.

டீயை ஒரு மிடறு குடித்துவிட்டு, அவன் தொட்ட இடத்துக்கு வந்தேன். 1968 ஏப்ரல் 7, ஜெர்மனியின் ஹாக்கன்ஹைம். பெரிய பந்தயம்கூட இல்லை, ஃபார்முலா டூ. கிளார்க்கின் லோட்டஸ் பாதையை விட்டு விலகி மரங்களில் மோதியது. டயரில் காற்று இறங்கியிருக்கலாம் என்பதுதான் பெரும்பாலோர் நம்புவது. மரங்களுக்கு முன்னால் தடுப்பு எதுவும் இல்லை. அந்த ஜனவரி முதல் தேதிதான் தென்னாப்பிரிக்காவின் கயலாமியில் ஜெயித்து, பழைய சாம்பியன் ஃபான்ஜியோவின் 24 வெற்றிகளைத் தாண்டியிருந்தார்.

அதே லோட்டஸ் அணியில் கிளார்க்குக்குத் துணையாக ஓட்டியவர் யார் தெரியுமா? கிரஹாம் ஹில். கலங்கிப்போன அணியை அவர்தான் தூக்கி நிறுத்தினார். மே மாதத்தில் ஸ்பெயினிலும் மொனாக்கோவிலும் ஜெயித்து, அந்த வருஷப் பட்டத்தையும் வாங்கினார். ஹில்லின் இரண்டு பட்டங்களில் ஒன்று கழன்ற போல்ட்டில் வந்தது, மற்றொன்று நண்பரின் சாவுக்குப் பின் வந்தது. இதைச் சொல்லி அவரைக் குறைத்துவிடக் கூடாது. மொனாக்கோவை ஐந்து முறை ஜெயித்தவர் அவர். இண்டியானாபொலிஸ் 500ஐயும் லே மானையும் ஜெயித்தவர். 1966 இண்டியானாபொலிஸில் அவருக்குப் பின்னால் இரண்டாவதாக வந்தவர் கிளார்க். எந்த உலகத்திலும் அவர் பெரிய ஓட்டுநர்தான். ஆனால் போல்ட்டும் கழலாமல், கிளார்க்கும் சாகாமல் இருந்த உலகத்தில் அவருக்கு ஒரு பட்டம்கூட மிஞ்சாமல் போகலாம்.

"அடுத்து ரிண்ட்," என்றேன். 1969இல் லோட்டஸுக்கு வந்தவர் ஜோக்கன் ரிண்ட். கிளார்க்கும் ஹில்லும் அங்கேயே இருந்திருந்தால் அவருக்கு அந்த இடம் காலியாக இருந்திருக்குமா? 1968இல் ஓட்டிய பிராபம் அணியிலேயே தங்கியிருக்கலாம். நிஜத்தில் அவர் லோட்டஸில் 1970இல் ஐந்து பந்தயங்களை ஜெயித்தார். ஐந்தாவது வெற்றி கிடைத்தது எங்கே? ஹாக்கன்ஹைமில். நூர்பர்க்ரிங் ஆபத்து என்று ஓட்டுநர்கள் மறுத்ததால் அந்த வருஷ ஜெர்மன் பந்தயம் அங்கே மாறியிருந்தது. கிளார்க் மோதிய பாதையில் இப்போது தடுப்புகள் இருந்தன. ஒரு மாதம் கழித்து, செப்டம்பர் 5, இத்தாலியின் மோன்சாவில் பயிற்சியின்போது ரிண்டின் லோட்டஸில் முன் பிரேக்கின் தண்டு ஒடிந்தது. அவர் பிழைக்கவில்லை. அவருடைய 45 புள்ளிகளை யாராலும் எட்ட முடியவில்லை, இறந்த பிறகு சாம்பியனான ஒரே ஓட்டுநர் அவர். அந்தப் பட்டத்தை உறுதி செய்தது எமர்சன் ஃபிட்டிபால்டி என்ற இளைஞரின் வெற்றி. அது அவருடைய நான்காவது கிராண்ட் ப்ரீ.

கிளார்க் பிழைத்தால் ரிண்டும் பிழைக்கலாம். ஹாக்கன்ஹைம் மரங்களுக்கு முன்னால் தடுப்பு வராமலும் போகலாம். கிளார்க்குக்கே இது நடந்தால் நமக்கு என்ன நிச்சயம் என்ற பயம்தான் மற்ற ஓட்டுநர்களை உலுக்கியது. சக ஓட்டுநர் ஜாக்கி ஸ்டூவர்ட் பாதுகாப்புக்காகப் போராடியது 1966இலேயே தொடங்கிவிட்டது. பெல்ஜியத்தின் ஸ்பாவில் அவர் நொறுங்கிய வண்டிக்குள் பெட்ரோலில் நனைந்தபடி சிக்கிக் கிடந்ததிலிருந்து. ஆனால் அவர் பேச்சுக்குக் காது கிடைத்தது 1968க்குப் பிறகுதான் என்பது என் எண்ணம். அப்படியானால் அந்த மாற்று உலகத்தில் வேறு எந்த மரத்தில் வேறு யார்?

பையன் ஒன்பது பட்டங்களையும் அழித்தான். 1962க்குத் திரும்பிப் போய், ஈஸ்ட் லண்டன் பந்தயத்தில் கிளார்க்கின் என்ஜின் கோளாறை மட்டும் எடுத்துவிட்டு விளையாட்டை ஓடவிட்டான். என் டீ ஆடை படிந்து ஆறியிருந்தது. அவன் திரையில் தேடிக்கொண்டிருந்தது கிளார்க்கின் பெயரை அல்ல. "மாமா, ரிண்ட் 1970இல எந்த அணியில இருக்கார்னு பாக்கறேன்," என்றான்.