விரலுக்கேற்ற வீக்கம், தேவைக்கேற்ற வண்டி

துவாரகாவின் அகன்ற சாலைகளில் காலை ஆறு மணிக்கு நின்று பார்த்தால் இருசக்கர வண்டிகளின் கண்காட்சி ஒன்றைக் கட்டணமின்றிக் காணலாம். மெல்லிய டயர்களும் வளைந்த கைப்பிடியும் கொண்ட பந்தய மிதிவண்டிகளில் தலைக்கவசம் அணிந்த இளைஞர்கள் அணியாகச் செல்வர். இருபுறமும் பால் கேன்கள் தொங்கும் மோட்டார் சைக்கிள் நஜஃப்கர் பக்கத்திலிருந்து வரும். இரவுப் பணி முடித்த காவலாளி கறுப்பு நிறப் பழைய மிதிவண்டியில் வீடு திரும்புவார். சற்று நேரத்தில் பிள்ளைகளைப் பள்ளியில் விடும் தாய்மார்களின் ஸ்கூட்டர்கள் புறப்படும். பிறகு, முதுகில் பெரும் பையுடன் பொருள் விநியோகம் செய்வோரின் மின்வண்டிகள் செக்டார்தோறும் சுழலத் தொடங்கும்.

இவை அனைத்துக்கும் சக்கரம் இரண்டே. ஆயினும் ஒன்றின் வேலையை மற்றொன்று செவ்வனே செய்யாது. இருசக்கர வாகனக் கடன் கேட்டு எமது கிளைக்கு வருவோரில் பெரும்பாலோர், "எவ்வளவு கிடைக்கும்?" என்பதையே முதலில் வினவுகின்றனர். "எதற்காக வாங்குகிறீர்கள்?" என்று நாங்கள் திருப்பிக் கேட்கும்போது சிலர் வியப்படைவதும் உண்டு. அக்கேள்வியின் பொருளை விளக்கவே இக்கட்டுரை.

இரு சக்கரங்களின் பிறப்பு

ஜெர்மானியரான கார்ல் டிரைஸ் 1817-இல் உருவாக்கிய வண்டிக்கு மிதியே கிடையாது. அதன்மேல் அமர்ந்து கால்களால் தரையை உந்திச் செல்ல வேண்டும். 1860-களில் பாரிஸ் நகரில் முன்சக்கரத்தில் மிதி பொருத்தப்பட்டது. வேகத்தை நாடி முன்சக்கரத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனதால், ஆளுயரச் சக்கரத்தின் உச்சியில் அமர்ந்து செல்லும் அபாயகரமான வண்டிகள் தோன்றின. 1885-இல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி, சம அளவுச் சக்கரங்களும் பின்சக்கரத்தைச் சுழற்றும் சங்கிலியும் கொண்ட வண்டியைச் செய்தார். மூன்றாண்டுகளில் டன்லப்பின் காற்றடைத்த டயர் வந்து சேர்ந்தது. இன்று நாம் ஓட்டும் மிதிவண்டியின் அடிப்படை அமைப்பு அன்று முடிவானதே.

அதே 1885-இல் ஜெர்மனியில் காட்லீப் டைம்லர், மரச் சட்டத்தாலான வண்டியில் பெட்ரோல் எஞ்சினைப் பொருத்தி ஓட்டிக் காட்டினார். மிதிவண்டி முழுமை பெற்ற ஆண்டிலேயே மோட்டார் சைக்கிளும் பிறந்துவிட்டது எனலாம்.

மிதிவண்டியில் எத்தனை வகை?

நம் ஊர்களில் பால்காரரும் தபால்காரரும் ஓட்டிய உயரமான கறுப்பு வண்டி, பாரம் சுமப்பதற்கென்றே அமைந்தது. அதன் கனமான இரும்புச் சட்டமும் உறுதியான கேரியரும் ஒரு மூட்டை அரிசியைத் தாங்கும். எந்தத் தெருமுனையிலும் பஞ்சர் ஒட்டிவிடலாம். நடுக்கம்பி தாழ்ந்து வளைந்த பெண்கள் வண்டி, சேலையுடனும் எளிதில் ஏறி இறங்க ஏற்றது. தடித்த டயர்களும் அதிர்வைத் தாங்கும் முன் அமைப்பும் உடையது மலைப்பாதை வண்டி. அது கரடுமுரடான தரைக்குரியது. சமதளத் தார்ச்சாலையில் ஓட்டுபவரின் உழைப்பில் ஒரு பகுதியை அதன் டயர்களே விழுங்கிவிடும். பந்தய வண்டி இதற்கு நேரெதிர்: எடை குறைவு, வேகம் மிகுதி, பள்ளம் கண்டால் அச்சம். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட 'ஹைபிரிட்' வகை, அலுவலகம் சென்றுவருவோருக்குப் பொருந்தும். மடக்கு மிதிவண்டியோ, அடுக்ககத்தின் சிறு பால்கனியில் வைத்துக்கொள்ள வசதியானது.

விளம்பரத்தைக் கண்டு மகனுக்குத் தடித்த டயர் வண்டி வாங்கித் தந்து, ஆறு மாதத்தில் அது மாடிப்படியின் கீழ் உறங்குவதைப் பல வீடுகளில் பார்க்கிறோம். வண்டியிலும் பிள்ளையிலும் குற்றமில்லை, தேர்வில்தான் பிழை.

புதுக்கோட்டை கற்பித்த பாடம்

மிதிவண்டி ஒரு சமூகத்தை எவ்வளவு மாற்றும் என்பதற்கு உலகுக்கே எடுத்துக்காட்டாக அமைந்தது நம் புதுக்கோட்டை மாவட்டம். 1990-களின் தொடக்கத்தில் அங்கு அறிவொளி இயக்கம் நடைபெற்றபோது, மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு மிதிவண்டிப் பயிற்சியையும் இணைத்தார். பிறரைச் சாராமல் வெளியே சென்றுவர இயலாமையே பெண்களின் தன்னம்பிக்கையைக் குலைக்கிறது என்பது அவர் கண்ட உண்மை. கேலிப் பேச்சுகளைப் பொருட்படுத்தாமல் பல்லாயிரம் கிராமப் பெண்கள் ஓட்டக் கற்றனர். 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டை நகரில் மிதிவண்டிகளில் வலம் வந்தனர். பெண்கள் வண்டிக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது ஆண்கள் வண்டியையே ஓட்டினர். இருக்கைக்கும் கைப்பிடிக்கும் இடையிலுள்ள கம்பியில் குழந்தையை அமர்த்திக்கொள்ளலாம் என்று அதையே விரும்பியோரும் உண்டு.

வங்கிப் பணியில் உள்ள எங்களுக்கு இவ்வரலாற்றில் தனிப்பட்ட பெருமிதம் ஒன்று உண்டு. பெண்கள் மிதிவண்டி வாங்கக் கடன் அளிக்குமாறு ஆட்சியர் வங்கிகளை வலியுறுத்தினார். அத்தகைய சிறு கடன், தண்ணீர் எடுக்கவும் விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டுசெல்லவும் பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் ஒரு பெண் எதிர்பார்த்துக் காத்திருந்த நேரத்தையெல்லாம் அவளுக்கே மீட்டுத் தருவதாகும். இதைப் பற்றி இதழாளர் பி. சாய்நாத் எழுதிய கட்டுரை, எட்டாம் வகுப்பு இந்திப் பாடநூலில் பல ஆண்டுகள் இடம்பெற்றிருந்தது. தலைநகரில் வளரும் நம் தமிழ்ப் பிள்ளைகள் புதுக்கோட்டையைப் பற்றி இந்தியில் படித்துவிட்டு, "அம்மா, இது நம் ஊர்ப் பக்கமா?" என்று கேட்டதை நாங்கள் அறிவோம்.

இந்த வழியில், தமிழ்நாட்டில் பதினொன்றாம் வகுப்பு மாணவ மாணவியருக்கு விலையில்லா மிதிவண்டி வழங்கப்படுகிறது. பீகார் அரசு 2006-இல் பள்ளி மாணவியர்க்கான மிதிவண்டித் திட்டத்தைத் தொடங்கியது. அதை ஆராய்ந்த பொருளியல் அறிஞர்கள், உயர்நிலைப் பள்ளியில் உரிய வயதில் சேரும் மாணவியர் 32 சதவீதம் கூடியதாகக் கண்டறிந்தனர்.

பிற நாடுகளின் பயன்பாடு

நெதர்லாந்தில் மக்கள்தொகையைவிட மிதிவண்டிகள் அதிகம். ஆனால் அந்நாடு இயல்பிலேயே அப்படி இருந்ததன்று. 1971-இல் அங்குச் சாலை விபத்துகளில் 3,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் 400-க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். பெற்றோர் வீதியில் இறங்கிப் போராடினர். 1973-இன் எண்ணெய் நெருக்கடியும் சேரவே, மிதிவண்டிக்கெனத் தனித்தடங்கள் நாடெங்கும் அமைந்தன. டென்மார்க்கில் முன்புறம் பெட்டி பொருத்திய மூன்று சக்கர வண்டியில் குழந்தைகளையும் காய்கறிகளையும் ஏற்றிச் செல்கின்றனர். ஜப்பானியத் தாய்மார்கள், முன்னே கூடையும் பின்னே குழந்தை இருக்கையும் கொண்ட வண்டியைப் பயன்படுத்துகின்றனர். வியட்நாமியர் 1954-இல் தியன் பியன் பூ போரின்போது, ஒரு மிதிவண்டியில் 200 கிலோவுக்கும் மேல் பாரம் ஏற்றி, மலைப்பாதையில் தள்ளியே சென்றனர்.

யாழ்ப்பாணத்தின் அனுபவம் நம் நெஞ்சுக்கு நெருக்கமானது. 1990-களில் போர்க்கால எரிபொருள் தடையின்போது அங்கு மிதிவண்டியே குடும்ப வாகனமாகவும் சரக்கு வண்டியாகவும் விளங்கியது. மோட்டார் சைக்கிள் வைத்திருந்தோர், சில துளிப் பெட்ரோலால் எஞ்சினை உயிர்ப்பித்துப் பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டினர்.

கிழக்கு ஆப்பிரிக்காவில் வாடகைக்கு ஆளேற்றிச் செல்லும் இருசக்கர வண்டியைப் 'போடா போடா' என்பர். கென்யா–உகாண்டா எல்லையில் பயணிகளை இக்கரையிலிருந்து அக்கரை சேர்த்த மிதிவண்டிக்காரர்கள் 'பார்டர், பார்டர்' என்று கூவியதன் திரிபு அது. இன்று அத்தொழில் பெரும்பாலும் மோட்டார் சைக்கிளுக்கு மாறிவிட்டது.

மோட்டார் வண்டிகள்: எது எவருக்கு?

1958-இல் ஜப்பானின் ஹோண்டா நிறுவனம் அறிமுகம் செய்த 'சூப்பர் கப்', 2017-க்குள் 10 கோடி எண்ணிக்கையைக் கடந்தது. கையால் இயக்கும் கிளட்ச் அதில் இல்லை. எவரும் எளிதில் ஓட்டலாம் என்பதே அதன் வெற்றி.

நம் நாட்டில் அவ்விடத்தை நிரப்பியது மொபெட். 1980-இல் ஓசூரிலிருந்து வெளிவந்த டி.வி.எஸ். 50, இருவர் செல்லக்கூடிய முதல் இந்திய மொபெட். இன்றும் சிற்றூர்களில் மீன் கூடையும் பூ மூட்டையும் தண்ணீர்க் குடங்களும் அதன் வழித்தோன்றல்களின் மீதே பயணம் செய்கின்றன. நடுத்தரக் குடும்பங்களின் கனவாக விளங்கிய பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டருக்கு ஒரு காலத்தில் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 1985-இல் வந்த ஹீரோ ஹோண்டா சி.டி. 100, எரிபொருள் சிக்கனத்தால் நாளும் பயணம் செய்வோரைக் கவர்ந்தது. இங்கிலாந்தில் தோன்றிய என்ஃபீல்டு புல்லட், 1955 முதல் சென்னையைச் சொந்த ஊராக்கிக்கொண்டது.

இன்றைய வகைகளைச் சுருங்கச் சொன்னால்: 100 முதல் 125 சி.சி. வரையிலான மோட்டார் சைக்கிள் நாள்தோறும் நெடுந்தொலைவு செல்வோருக்கு, கியரற்ற ஸ்கூட்டர் குடும்பத்தில் பலரும் மாறி மாறி ஓட்டுவதற்கு, மொபெட் சரக்கு ஏற்றும் சிறு வணிகருக்கு, 350 சி.சி.யும் அதற்கு மேலும் உள்ளவை நெடுஞ்சாலைப் பயணத்தில் விருப்பமுடையோருக்கு. நிமிடத்திற்கொரு சிக்னலில் நிற்கும் நகர ஓட்டத்தில் பெரிய எஞ்சினின் ஆற்றல் வீணாகி, பெட்ரோல் செலவே மிஞ்சும்.

மின்வண்டிகள் நாளொன்றுக்கு வரையறுத்த தொலைவு ஓடுவோருக்கு மிகச் சிக்கனமானவை. வாங்குமுன், இரவில் சார்ஜ் செய்ய இடம் உண்டா, மின்கலத்தின் உத்தரவாதம் எத்தனை ஆண்டு என்னும் இரண்டையும் உறுதிசெய்க. துவாரகாவின் நான்காம் மாடிக் குடியிருப்பாளருக்கு முதற்கேள்வியே முதன்மையானது. 250 வாட்டுக்கு மேற்படாத மோட்டாரும் மணிக்கு 25 கி.மீ.க்கு மேற்படாத வேகமும் கொண்ட இலகுவகை மின்வண்டிகளுக்குப் பதிவெண்ணும் ஓட்டுநர் உரிமமும் தேவையில்லை. அவ்வரம்பைக் கடந்தவற்றிற்கு இரண்டும் கட்டாயம்.

கையொப்பமிடும் முன்

அண்மையில் விநியோகப் பணி செய்யும் இளைஞர் ஒருவர் எங்களிடம் வந்தார். "உங்கள் வங்கியில் 12 சதவீதம் வட்டி, கடையில் 10 சதவீதத்திற்கே தருகிறார்களே, சார்" என்றார். தாளை வாங்கிப் பார்த்தோம். கடையில் சொன்னது 'ஃபிளாட்' வட்டி. அதாவது, அசல் குறைந்துகொண்டே வந்தாலும், தொடக்கத்தில் வாங்கிய முழுத் தொகைக்கும் இறுதிவரை வட்டி கணக்கிடப்படும்.

80,000 ரூபாய்க் கடனை மூன்றாண்டில் செலுத்துவதாகக் கொள்வோம். 10 சதவீத ஃபிளாட் முறையில் வட்டி மட்டும் 24,000 ரூபாய். மாதத் தவணை சுமார் 2,889. நிலுவைத் தொகைக்கு மட்டும் வட்டி கணக்கிடும் முறையில், 12 சதவீதமாயினும், தவணை சுமார் 2,657. மொத்த வட்டி ஏறத்தாழ 15,650. குறைவாகத் தோன்றிய வட்டியில் 8,000 ரூபாய்க்கு மேல் இழப்பு. இளைஞர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அது எனக்கு ஆறு மாதத்துப் பெட்ரோல் காசு, சார்" என்றார். ஆகவே எங்கு கடன் வாங்கினும், சதவீதத்தோடு நின்றுவிடாமல், மாதத் தவணையைத் தவணைகளின் எண்ணிக்கையால் பெருக்கிப் பாருங்கள். உண்மை அங்கே இருக்கும்.

மேலும் சில குறிப்புகள்:

• 2018 செப்டம்பர் முதல் புதிய இருசக்கர வண்டிக்கு ஐந்தாண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். அது விபத்தில் பிறருக்கு நேரும் இழப்பிற்கானது. உங்கள் வண்டி திருடுபோனால் அதனால் பயனில்லை. அதற்குத் தனிப் பாதுகாப்பு எடுக்க வேண்டும்.

• வண்டியை ஓட்டும் உரிமையாளருக்கென 15 இலட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு உண்டு. செல்லத்தக்க ஓட்டுநர் உரிமம் இல்லாவிடில் அத்தொகை குடும்பத்திற்குக் கிட்டாது. உரிமத்தின் காலாவதி நாளை இன்றே பாருங்கள்.

• கடன் முடிந்ததும் வங்கியிடமிருந்து தடையின்மைச் சான்றும் படிவம் 35-உம் பெற்று, பதிவுச் சான்றிலுள்ள வங்கியின் பெயரை நீக்கிக்கொள்ளுங்கள். இதை மறந்தோர், வண்டியை விற்கும்போது அலைய நேர்கிறது.

• தில்லியில் பழைய வண்டி வாங்குவோர் அதன் வயதைக் கட்டாயம் காண வேண்டும். 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகள் மீது நீதிமன்ற ஆணைகளின்படி கட்டுப்பாடுகள் உள்ளன. அவை அவ்வப்போது திருத்தப்படுவதால் போக்குவரத்து அலுவலகத்தில் உறுதிசெய்துகொள்வது நலம்.

• 2022-இல் நம் நாட்டில் சாலை விபத்துகளில் மாண்டோர் 1,68,491 பேர். அவர்களுள் ஏறத்தாழ 44 சதவீதத்தினர் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். தலைக்கவசம் ஓட்டுபவருக்கு மட்டுமன்று, பின்னால் அமர்பவருக்கும் உரியது. கடன் கணக்கிடும்போதே இரண்டு நல்ல தலைக்கவசங்களின் விலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விரலுக்கேற்ற வீக்கம் என்பர் நம் முன்னோர். காவலாளியின் கறுப்பு மிதிவண்டியும் பால்காரரின் மோட்டார் சைக்கிளும் அவரவர் தொழிலுக்குப் பொருந்தியிருப்பதாலேயே அவர்களுக்குச் சோறு போடுகின்றன. அடுத்த முறை வண்டிக் கடனுக்காக எமது கிளைக்கு வரும்போது, நாள்தோறும் எத்தனை கிலோமீட்டர் செல்கிறீர்கள், எதைச் சுமக்கிறீர்கள், வீட்டில் வேறு யார் ஓட்டுவர் என்னும் மூன்று விடைகளையும் கொண்டு வாருங்கள். எஞ்சியவற்றை அமர்ந்து பேசித் தீர்மானிப்போம்.