இடம் மாற்றப்பட்ட மண்

1995 ஜூலை 11 அன்று போஸ்னிய செர்பியப் படை ஸ்ரெப்ரெனிட்சா நகரைக் கைப்பற்றியது. ஐ.நா. பாதுகாப்புப் பகுதி என்று அறிவிக்கப்பட்டு, டச்சு வீரர்கள் காவலுக்கு நின்ற ஊர் அது. அடுத்த சில நாள்களில் 8,000-க்கும் மேற்பட்ட போஸ்னிய முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள். பிணங்களைப் புல்டோசர் தள்ளிப் புதைத்தது.

இதை விசாரிக்கவேண்டிய பொறுப்பு, ஐ.நா. பாதுகாப்புச் சபை 1993இல் தி ஹேக் நகரில் அமைத்த யூகோஸ்லாவியத் தீர்ப்பாயத்துடையது. அங்கே புலனாய்வாளர்கள் இருந்தார்கள்; கைது செய்யப் போலீஸ் கிடையாது. செயற்கைக்கோளோ, தோட்டா உறைகளை ஆராயும் கூடமோ கிடையாது. கொலை நடந்த நிலமெல்லாம் கொன்றவர்கள் தரப்பின் ஆளுகையில் இருந்தது. வேண்டிய ஒவ்வொன்றையும் ஏதோ ஒரு நாட்டிடம் கேட்டுத்தான் பெறவேண்டும்.

முதல் திறப்பு, சுட்டவர்களில் ஒருவரிடமிருந்தே வந்தது. திராஜன் எர்தெமோவிச் என்ற இளம் படைவீரர் 1996இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 1995 ஜூலை 16 அன்று பிரான்யெவோ என்ற ராணுவப் பண்ணையில், பேருந்து பேருந்தாகக் கொண்டுவரப்பட்டவர்களை அவருடைய பிரிவு சுட்டது. ஆயிரத்துக்கும் மேல் இருக்கும் என்றார். அதுவரை புலனாய்வாளர்களுக்குத் தெரியாத இடம் அது. அமெரிக்கா தந்த வான்படங்களைப் புரட்டினார்கள். ஜூலை 17இல் எடுத்த படத்தில் அதே பண்ணை, தரையில் உடல்கள், தோண்டும் இயந்திரத்தின் தடம். அந்த ஆண்டே அகழ்ந்தார்கள். கிடைத்தவை சுமார் 130 பேரின் உடல்கள்.

மீதிப் பேர் எங்கே?

கொலை நடந்த 1995ஆம் ஆண்டிலேயே, செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் அந்தக் குழிகளை ரகசியமாகத் திரும்பத் தோண்டியிருக்கிறார்கள். உடல்களை லாரிகளில் ஏற்றி, மலைச்சாலை ஓரங்களில் வேறு குழிகளில் கொட்டியிருக்கிறார்கள். வான்படங்கள் அந்தப் புதுக் குழிகளையும் காட்டிக்கொடுத்தன. ஆஸ்திரேலியத் தொல்லியலாளர் ரிச்சர்ட் ரைட் தலைமையிலான குழு 1998இல் அவற்றைத் திறந்தது. சிதைந்த உடல்கள், தனித்தனி எலும்புகள். எந்தக் குழியிலிருந்து எது வந்தது என்று எப்படிச் சொல்வது?

இயந்திரம் அள்ளும்போது உடலை மட்டும் பிரித்து அள்ளாது; மண்ணையும் சேர்த்தே அள்ளும். அந்த மண் புது இடத்து மண்ணோடு முழுவதும் கலந்துவிடாமல், கட்டி கட்டியாகத் தனித்துக் கிடந்தது. பிரிட்டனைச் சேர்ந்த டோனி பிரவுன் அந்தக் கட்டிகளில் இருந்த கனிமங்களையும் மகரந்தத் துகள்களையும் பழைய குழிகளின் மண்ணோடு ஒப்பிட்டார். திரினா ஆற்றங்கரையில் கொஸ்லுக் என்ற கொலைக்களம், பக்கத்து பாட்டில் ஆலை தன் உடைசல்களைக் கொட்டிய இடம். அங்கிருந்த பச்சைக் கண்ணாடிச் சில்லுகள், தொலைவில் சான்சாரி சாலையோரக் குழியில் உடல்களோடு கிடந்தன. தோட்டா உறைகளை அமெரிக்க ஆய்வுக்கூடம் ஒப்பிட்டுப் பார்த்தது. கண்களைக் கட்டிய துணிகளும் கைகளைப் பிணைத்த கயிறுகளும் குழிக்குக் குழி பொருந்தின.

கைக்கடிகாரங்களும் பேசின. இறந்தவர்களில் சிலர் சீக்கோ ஆட்டோமேட்டிக் கடிகாரம் கட்டியிருந்தார்கள். அதற்குச் சாவியும் பேட்டரியும் வேண்டாம். மணிக்கட்டின் அசைவே சுருள்வில்லை முறுக்கிவிடும். அசைவு நின்றால் ஒன்றரை, இரண்டு நாளில் கடிகாரமும் நிற்கும். நாளும் தேதியும் காட்டும் வகை என்பதால், நின்ற தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணலாம். 16ஆம் தேதி ஞாயிறன்று கொல்லப்பட்டவரின் கடிகாரம் திங்களையோ செவ்வாயையோ காட்டி நின்றிருக்கும். தன்னைக் கட்டியிருந்தவர் எப்போது அசைவற்றுப் போனார் என்பதை ஒரு சிறு விசைச்சுருள் நீதிமன்றத்துக்குச் சொன்னது என்பதை நினைக்க நினைக்க எனக்கு வியப்பும் துயரமும் ஒன்றாகவே வருகின்றன.

போஸ்னிய செர்பியத் தளபதி ராதிஸ்லாவ் கிர்ஸ்திச்சின் வழக்கில், குழிகளில் இருப்பவர்கள் சண்டையில் மடிந்தவர்களாக இருக்கலாம் என்று எதிர்வாதம் வந்தது. பிணக்குவியலுக்கு அடியில் கிடந்து உயிர் தப்பிய சிலர் வந்து சாட்சி சொன்னார்கள். நீதிபதிகள் இன்னொன்றையும் கவனித்தார்கள். சண்டையில் இறந்தவர்கள் என்றால், இவ்வளவு பாடுபட்டுக் குழி மாற்றி ஒளிக்கவேண்டிய தேவையே இல்லையே! மறைப்பதற்காகச் செய்த வேலையே கொலையாளிகளுக்கு எதிரான சான்றாயிற்று. 2001 ஆகஸ்டில் கிர்ஸ்திச் இனப்படுகொலைக் குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று. 2004 மேல்முறையீட்டில் அது இனப்படுகொலைக்குத் துணைபோன குற்றமாக மாறி, தண்டனை 46 ஆண்டிலிருந்து 35 ஆண்டாகக் குறைந்தது. நடந்தது இனப்படுகொலை என்ற முடிவு மாறவில்லை.

இறந்தவர்களின் பெயர்களைத் தேடும் பணி தனியாக நடந்தது. 1996இல் தொடங்கப்பட்ட காணாமற்போனோருக்கான சர்வதேச ஆணையம், அகதிகளாகப் பல நாடுகளுக்குச் சிதறிப்போன தாய்மார், பிள்ளைகள், சகோதரிகளிடம் ரத்தத்துளி வாங்கி, எலும்புகளின் டி.என்.ஏ.வோடு ஒப்பிட்டது. 2001 நவம்பரில் ஸ்ரெப்ரெனிட்சாவின் முதல் பொருத்தம் கிடைத்தது: பதினைந்து வயதுப் பையன். இன்று அடையாளம் காணப்பட்டவர்கள் ஏறத்தாழ 7,000 பேர். ஒரே மனிதரின் எலும்புகள் வெவ்வேறு குழிகளில் கிடைத்ததால், புதைத்த பிள்ளையின் குழியை மறுபடி திறந்து, பிறகு கிடைத்த எலும்பைச் சேர்த்துவைத்த குடும்பங்கள் உண்டு.

கைதுகளோ ஆமை வேகத்தில் நடந்தன. தீர்ப்பாயம் குற்றம் சாட்டிய 161 பேரில் கடைசி ஆள் பிடிபட்டது 2011இல். போஸ்னிய செர்பியப் படைத்தலைவர் ராட்கோ மிலாதிச்சை செர்பியப் போலீஸ் பிடித்ததும் அதே ஆண்டு மே மாதத்தில்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரவேண்டுமானால் அவரை ஒப்படைக்கவேண்டும் என்ற நெருக்குதல் செர்பியாவுக்கு இருந்தது. பதினாறு ஆண்டுகளுக்கு முன் நடந்த கொலைக்கு அவர் கூண்டில் ஏறியபோது, மண் ஆய்வும் தோட்டா உறைகளும் எலும்புகளின் பெயர்ப்பட்டியலும் வழக்குக்குத் தயாராக இருந்தன. 2021 ஜூனில் மேல்முறையீட்டிலும் அவருடைய ஆயுள் தண்டனை உறுதியாயிற்று.