224 என்றால் எந்த ஒலி?

'அபவுட்' என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் ஒலிக்கு உலக ஒலிப்புக் குறியீட்டில் ஷ்வா என்று பெயர். குறி எளியது: தலைகீழான சின்ன ஆங்கில 'e' எழுத்து. ஈய அச்சுக் காலத்தில் இருக்கிற எழுத்தைத் திருப்பி வைத்தாலே வேலை முடிந்தது. 1981-இல் பிரிட்டனில் வெளிவந்த பிபிசி மைக்ரோ கணினியிலோ அதைப் புள்ளி புள்ளியாக வரைய வேண்டியிருந்தது.

எட்டுக்கு எட்டுக் கட்டம்தான் ஓர் எழுத்துக்கு இடம். ஒவ்வொரு வரிசைக்கும் ஓர் எண். விடியூ 23 என்ற கட்டளையோடு 224 என்ற எழுத்தெண்ணைச் சேர்த்து 0, 0, 60, 6, 126, 102, 60, 0 என்று தட்டினால் திரையில் ஷ்வா தயார். 224 முதல் 255 வரை, இப்படி 32 குறிகளை எளிதாக அமைத்துக்கொள்ளலாம்.

என்னை இன்றும் வியக்கவைப்பது அடுத்த கட்டம்தான். புள்ளி அச்சுப்பொறிக்குத் திரையில் இருக்கும் வடிவம் தெரியாது. 224 என்று அனுப்பினால் தன்னிடம் அந்த எண்ணில் இருப்பதைத்தான் அடிக்கும். எனவே எப்சன் எஃப்எக்ஸ்-80 போன்றவற்றில் படமாக அனுப்பினார்கள். அச்சுத்தலையின் ஊசிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்பதால் அதற்கு வரிசைக் கணக்கு உதவாது, நெடுக்குக் கணக்கு வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக் குறுக்கெழுத்துப் புதிரில் நான் இடமிருந்து வலம் நிரப்புவேன், அக்கா மேலிருந்து கீழ் நிரப்புவாள். கட்டம் ஒன்றுதான், பட்டியல் வேறு. அதே போல இங்கே ஷ்வா 0, 12, 46, 42, 42, 62, 28, 0 என்று மாறிவிடும். உச்சி ஊசிக்கு 128, அடுத்ததற்கு 64 என்று பாதியாகக் குறைத்துக்கொண்டே வந்து, ஒவ்வொரு நெடுக்கிலும் புள்ளி விழும் இடங்களைக் கூட்டினால் இந்த எண்கள் கிடைக்கும். ஒவ்வொரு குறிக்கும் இந்தப் புரட்டலைச் செய்ய நிரல் எழுத வேண்டியிருந்தது.

இவ்வளவு பாடுபட்டவர்களில் பலர், எந்த எண் எந்த ஒலி என்ற பட்டியலை, அந்தக் குறிகளால் எழுதிய கோப்போடு சேர்த்து வைக்கவில்லை. ஒருவருடைய 224 ஷ்வா. இன்னொருவருக்கு அதுவே 'ஷ்' ஒலி. 1991-இல் வந்த யூனிகோடு ஒலிப்புக் குறிகளுக்கென்று தனி இடம் ஒதுக்கியது. ஆனால் பழைய கோப்புகள் தாமாக அதற்கு மாறிவிடாது. பழைய நெகிழ்தட்டைப் படியெடுக்கும் நண்பர்களே, உள்ளே இருக்கும் நிரலையும் விடாமல் எடுங்கள். விடியூ 23 என்று தொடங்கும் அந்த வரிகளிலிருந்து ஒவ்வொரு குறியின் வடிவத்தையும் கட்டத்தாளில் மீண்டும் வரைந்துவிடலாம்.