தொலைவில் ஒரு கல்லூரி தேவையா?

அமெரிக்காவின் நவாஹோ பழங்குடியினர் 1968இல் தங்களுக்கென ஒரு சமுதாயக் கல்லூரியை நிறுவினார்கள். பழங்குடி மக்களே நடத்தும் கல்லூரி அந்நாட்டில் அதுவே முதல். 1969இல் அரிசோனாவின் மெனி ஃபார்ம்ஸில், இரவல் கட்டடத்தில் வகுப்புகள் தொடங்கின. 1973இல் சைலி என்ற சிற்றூரில் கல்லூரிக்குச் சொந்த வளாகம் அமைந்தது. இன்று அதன் பெயர் டினே கல்லூரி. நவாஹோ குடிலான ஹோகனைப் போல எட்டுப் பக்கங்களுடன், ஆறு மாடிக் கண்ணாடிக் கட்டடம் ஒன்று அங்கே நிற்கிறது. தாய்மொழி பேசிய குழந்தைகளை அரசு உறைவிடப் பள்ளிகள் தண்டித்த வரலாற்றுக்கு இக்கல்லூரியைவிட நல்ல பதில் இருக்க முடியாது.

மக்கள் சிதறி வாழும் வட்டாரத்தில் கல்லூரி நடத்துவது வீண் செலவு, நகரத்துக்கு அனுப்பிப் படிக்க வைக்கலாமே என்பார்கள். நவாஹோ நிலமோ சுமார் 70,000 சதுர கிலோமீட்டர். குடும்பத்தையும் ஆடுகளையும் விட்டு எல்லோராலும் நகரத்துக்குப் போக முடியாது. அதனால்தான் ஷிப்ராக், சின்லி போன்ற ஊர்களிலும் கல்லூரி கிளை வைத்திருக்கிறது. அங்கே கற்பிக்கும் நவாஹோ மொழியும் நெசவும் சோறு போடுமா என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் அங்கே அறிவியலும் வணிகமும் ஆசிரியர் பயிற்சியும் கூடவே கற்பிக்கப்படுகின்றன. உள்ளூர்ப் பள்ளியில் குழந்தையின் மொழி தெரிந்த ஆசிரியரை வெளியூர்க் கல்லூரி தந்துவிடாது. செலவைக் கணக்கிடுவோர் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 1978இல் அமெரிக்க நாடாளுமன்றம் பழங்குடிக் கல்லூரிகளுக்கு நிதி தரச் சட்டம் இயற்றியது. இன்று அந்நாட்டில் அத்தகைய கல்லூரிகள் முப்பதுக்கு மேல் இயங்குகின்றன.